கத்தி வைத்தால் கால் போய்விடுமா?

நம்பிக்கை: ஆறாத புண்ணில் கத்தி வைத்தால் கடைசியில் காலையே எடுத்துவிடுவார்கள்.

சிங்கப்பூரின் கிராஞ்சி விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிமாரிடமும் தேக்காவில் கடை நடத்தும் பெரியவர்களிடமும் இந்தப் பயத்தைக் கேட்கலாம். அதற்குப் பழைய நியாயமும் உண்டு. 1942-43இல் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில், மூங்கில் கீறிய சின்னக் காயம் எலும்பு தெரியும் புண்ணாகப் பரவியது. கைதி முகாம் மருத்துவர்கள் கூர்தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டினார்கள். அதற்கும் அடங்காதபோது காலை எடுத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வைத்தியம்கூட வாய்க்கவில்லை. சோறும் மருந்தும் இல்லாத உடம்பில் புண் காலைத் தின்றது. பழியைக் கத்தியின் மேல் போடுவது தவறு.

உண்மை: இன்றைய அறுவை பெரும்பாலும் காலைக் காப்பாற்றத்தான். புண் ஏன் ஆறவில்லை என்பதைப் பொறுத்து அது மாறும்.

நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்குக் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்துத் தடிக்கிறது, காலுறை நனையும்படி நீர் வடிகிறது என்றால், நரம்பு சுருட்டுதான் முதல் சந்தேகம். காலின் ரத்த நாளங்களில் வால்வு பழுதாகி, மேலே போகவேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறது. அந்த நாளத்தை லேசராலோ ரேடியோ அலையாலோ மூடிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இத்தகைய புண்ணுள்ள 450 பேர் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஆய்வில் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் நாளத்தை மூடிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அதுவே 82 நாள் ஆனது. ஆறிய புண் திரும்ப வருவதும் நாள அறுவையால் குறைகிறது என்று 2004லேயே இன்னொரு ஆய்வு காட்டிவிட்டது.

சர்க்கரைப் புண்ணின் கதை வேறு. அங்கே ரத்தம் பாதத்துக்கு இறங்குகிறதா என்பதே முதல் கேள்வி. அடைப்பு இருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ வழியைத் திறக்க வேண்டும். செத்த சதையை நீக்கி, அடித்தளம் சிவந்து வந்தபின் தொடைத் தோலை ஒட்டலாம். சிலருக்கு ஒரு விரலை எடுக்க நேர்வதும் உண்மைதான்; பாதத்தைக் காக்கவே பல சமயம் அதைச் செய்கிறார்கள்.

நம்பிக்கை: இறுக்கமாகக் கட்டினால் எந்தப் புண்ணும் ஆறும்.

உண்மை: நரம்பு சுருட்டுப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் அடிப்படை வைத்தியம். ஆனால் ரத்தக்குழாய் அடைத்த காலில் அதே கட்டு சதையைச் சாகடிக்கக்கூடும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரையும் கட்ட விடாதீர்கள்.

நம்பிக்கை: மஞ்சளோ காப்பித்தூளோ தூவிக் காயவிட வேண்டும்; மீன், முட்டை ஆகாது.

உண்மை: தூள் புண்ணோடு ஒட்டிக் கட்டியாகிறது. தாதி அதைக் கழுவி எடுக்கும்போது புதிதாய் வளர்ந்த மெல்லிய தோலும் கிழிகிறது. ஈரப்பதம் காக்கும் கட்டின் கீழேதான் தோல் வேகமாகப் படரும். சதை வளரப் புரதம் வேண்டும். மீனையும் முட்டையையும் நிறுத்தச் சொல்வது புண்ணைப் பட்டினி போடுவதுதான்.

நம்பிக்கை: செலவுக்கு ஊழியர் எங்கே போவார்?

உண்மை: வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. மருத்துவமனையில் தங்கும் சிகிச்சையோடு, அன்றே வீடு திரும்பும் அறுவையும் அதில் அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் காலுறைக்குள் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் நாடி பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.