நீரிழிவு: வருமுன் காத்தலும் வந்தபின் பேணலும்

வசதி படைத்தோரின் நோய் என ஒரு காலத்தில் கருதப்பட்ட நீரிழிவு, இன்று உழைக்கும் மக்களின் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-ல் வெளியான நாடளாவிய ஆய்வு, 2021-ல் நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் நோய்க்கு முந்தைய நிலையில் இருந்ததாகவும் மதிப்பிட்டது. வருவாய் ஈட்டுபவர் நோயுறும்போது மருந்துச் செலவும் கூலி இழப்பும் ஒருங்கே வருகின்றன. ஆகவே இது மருத்துவத் துறைக்கு மட்டுமே உரிய பிரச்சினையன்று.

வருமுன் காத்தல்

நோயின் வாயிலில் நிற்போரைத் தடுத்து நிறுத்த இயலுமா? இயலும் என்பதற்குச் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006-ல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில், மூன்றாண்டுகளில் 55 சதவிகிதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் இது 39.3 சதவிகிதம், மெட்பார்மின் மாத்திரை பெற்ற பிரிவில் 40.5 சதவிகிதம். இரண்டையும் சேர்த்துப் பெற்றோரிடம் கூடுதல் பலன் காணப்படவில்லை. இந்நிலையில் மாத்திரை தரும் பலனை நடையும் உணவு ஒழுங்குமே தந்துவிடுகின்றன என்பது இதன் பொருள்.

வந்தபின் பேணல்

நோய் கண்டபின் நிலைமை வேறு. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அப்போதும் இன்றியமையாதவை. எனினும் அவை மருந்துக்கு ஈடாகா. இன்சுலின் தேவைப்படுவோர் அதனை நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். தொடக்கத்தில் வலியோ துன்பமோ இல்லாமையால் பலர் மருந்தை இடையில் கைவிடுகின்றனர். கட்டுப்படாத சர்க்கரையோ கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை ஓசையின்றிச் சிதைக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனை, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையிலை தவிர்த்தல் ஆகியவை சிகிச்சையின் அங்கங்களே.

நிர்வாகத்தின் பொறுப்பு

தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கப்பெற்றது. 30 வயதைக் கடந்தோரைப் பரிசோதித்தல் அதன் முக்கியப் பணியாக விளங்குகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கிறது. கூலியை இழந்து மருத்துவமனை செல்ல இயலாதவர்க்கு இது பெருந்துணை.

எனினும், பரிசோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை மட்டும் சாதனையாகிவிடாது. அவர்களுள் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் மருந்து பெறுகின்றனர், எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் உள்ளது என்பவையே உண்மையான அளவுகோல்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை ஒரு மாதம் தீர்ந்துபோனாலும் சிகிச்சை அறுபடுகிறது. அவ்விழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பின்னொரு நாள் பார்வையிழப்பாகவோ, கால் இழப்பாகவோ அக்குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது.