இடது கை பேசட்டும்!
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

கிதார் வாங்கிய முதல் வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை ஸ்பீடு. மயிலாப்பூரில் எங்கள் போர்ஷனில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, டிஸ்டார்ஷனை முழுசாகத் திருப்பி, 'லெகாட்டோ' பழகிக்கொண்டிருந்தேன். 'இணைக்கப்பட்டது' என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வலது கையால் மீட்டாமல், ஒரு மீட்டுக்குப் பின் வரும் ஸ்வரங்களை இடது கை விரல்களே எழுப்பும் முறை.

ஒருநாள் சாயந்தரம் கரண்ட் போய்விட்டது. ஆம்ப் இல்லாமலே வாசித்தேன். வீட்டுக்கார மாமி (வீணை வாசிப்பவர்) மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏண்டா, முதல் ஸ்வரம் மட்டும்தான் கேக்கறது. மத்ததெல்லாம் எங்கே போச்சு?" என்றார். எனக்கு திக்கென்றது. கல்லூரி விழாவுக்குப் பத்து வாரம்தான் பாக்கி. மேடையில் வாசிக்க வேண்டியதோ அக்கூஸ்டிக் கிதார். டிஸ்டார்ஷன் சிறிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும். என் விரல்களின் பலவீனத்தை இத்தனை நாள் அதுதான் மூடி மறைத்திருக்கிறது!

மாமி தன் வீணையில் ஒரே ஒரு மீட்டில் நாலு ஸ்வரம் காட்டினார். வேலை செய்தவை இடது கையின் இரண்டே விரல்கள். நாலும் தெளிவாகக் கேட்டன. நாம் லெகாட்டோ என்பது நம் ஊருக்குப் புதிதல்ல என்று அன்றுதான் புரிந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தார். கிதாரில் அதைச் செய்துவரும் பிரசன்னா, அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். பொறியியலும் கிதாரும் ஒத்துவராது என்பவர்களுக்கு இது பதில்!

இனி பாடத்துக்கு வருவோம். மூன்றாவது தந்தியில் 5, 7, 9ஆம் ஃப்ரெட்கள்: ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்கள். 'சி'யை ஷட்ஜமாகக் கொண்டால் இது ச-ரி-க.

1. ஹாமர் ஆன்: 'ச'வை மட்டும் மீட்டுங்கள். 'ரி', 'க' இரண்டும் விரலால் தட்டி வரவேண்டும். ஃப்ரெட் கம்பியை ஒட்டித் தட்டுங்கள். பலம் முக்கியமல்ல, வேகம் முக்கியம். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்ததுதான்: வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு.

2. புல் ஆஃப்: கீழ் ஸ்வரத்து விரலை முன்னாலேயே பதித்துவிட்டு, மேல் விரலைத் தரைப்பக்கமாக லேசாகச் சுண்டி எடுங்கள். நேராகத் தூக்கினால் சத்தமே வராது.

3. இரண்டையும் சேர்த்து ச-ரி-க-ரி. மெட்ரோனோம் 60இல், தட்டுக்கு ஒரு ஸ்வரம். நாலும் சமமாகக் கேட்ட பிறகே தட்டுக்கு இரண்டு, அப்புறம் நாலு.

4. ஸ்லைடு: விரலின் அழுத்தம் குறையாமல் 5இலிருந்து 7க்கு இழுப்பது. நம்ம ஜாரு!

வாசிக்காத தந்திகளை வலது உள்ளங்கை ஓரத்தால் அடக்கி வையுங்கள். பத்து நிமிஷம் வாசித்தால் கொஞ்சம் ஓய்வு. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். வலியோடு பழகினால் தசைநார் கெடும்.

தேறிவிட்டோமா என்று பார்க்க ஒரு சோதனை: செல்போனில் பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எது மீட்டியது, எது தட்டியது என்று தெரியக்கூடாது. பிரிட்டனின் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தை (1946-2017) கேட்டால் இதன் உச்சம் விளங்கும்.

பத்து வாரமும் ஆம்ப்பைத் தொடவில்லை. விழா மேடையில் பாதி ஸ்பீடில்தான் வாசித்தேன். ஆனால் கடைசி வரிசை நண்பன், "எல்லாம் கேட்டுதுடா" என்றான். வீட்டில் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். "நாலும் கேக்கறது. ஆனா 'ரி' இன்னும் மெலிசா இருக்கு" என்றார். நாளை மறுபடியும் 60இல் ஆரம்பிக்க வேண்டும்.

நீங்களும் ஆரம்பியுங்கள், ஆம்ப்பை அணைத்துவிட்டு!