பணிக்கொடை: ஆண்டுதோறும் வளரும் கடன்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் தங்களை உற்பத்தியாளர்கள் என்று அறிவர். பங்குதாரர்கள் என்றும் அறிவர். தாங்கள் முதலாளிகளும் ஆவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், விற்பனை நிலையத்தில் துணி அளந்து கொடுப்பவர், சாயச்சாலையில் நூல் தோய்ப்பவர், விளைபொருள் கிடங்கில் மூட்டைகளை எடை போடுபவர், இரவில் காவல் காப்பவர் ஆகிய அனைவருக்கும் சம்பளம் கொடுப்பது சங்கம். சங்கம் என்பது அங்கத்தினர்களே. ஆதலின் தொழிலாளர் சட்டங்கள் ஒரு முதலாளி மீது சுமத்தும் கடமைகள் நம் மீதும் உள்ளன.

அக்கடமைகளுள் பெரிதும் மறக்கப்படுவது, கிராஜுவிட்டி என்று வழக்கில் கூறப்படும் பணிக்கொடையாகும். சம்பளத்தை மறந்தால் மாத முடிவில் ஊழியர் கேட்பார். வைப்பு நிதிச் சந்தாவைக் கட்டாவிட்டால் அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். பணிக்கொடையோ இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்துவிட்டு, ஊழியர் ஓய்வு பெறும் நாளில் ஒரே தொகையாக வந்து நிற்கும். அந்நாளில் கையில் பணமில்லாமல் சங்கம் தவிப்பதையும், உழைத்து ஓய்ந்தவர் மாதக்கணக்கில் அலைவதையும் நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் காண்கிறோம். இந்நிலை வராமல் காப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள். தம் இல்லத்துத் தறியில் சங்கத்திற்காக நெய்யும் அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் உள்ள உறவு தனியே ஆராயத்தக்கது. ஈண்டுச் சங்கத்தின் சம்பள ஊழியர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

சட்டம் வந்த வழி

பணிக்கொடை ஒரு காலத்தில் முதலாளி மனமுவந்து அளிக்கும் வெகுமதியாகக் கருதப்பட்டது. 1970-இல் கேரளமும் 1971-இல் மேற்கு வங்காளமும் அதனைத் தத்தம் எல்லைக்குள் சட்டபூர்வமான உரிமையாக்கின. பின்னர் நாடு முழுவதற்கும் பொதுவான பணிக்கொடைச் சட்டம் 1972 செப்டம்பர் 16-ஆம் நாள் முதல் அமலுக்கு வந்தது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பணிக்கொடை பற்றிய விதிகள் இப்பொழுது அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் அமைந்துள்ளன. கணக்கிடும் அடிப்படை மாறவில்லை. சில புதிய விதிகள் சேர்ந்துள்ளன.

தொழிற்சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் இவ்விதி ஆள் எண்ணிக்கை பாராமல் பொருந்தும். கடை, அலுவலகம் முதலிய பிற நிறுவனங்களில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளிலேனும் பத்துப் பேர் வேலை செய்திருந்தால் பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், பின்னர் ஆள் எண்ணிக்கை பத்துக்குக் கீழே குறைந்தாலும் கடமை நீங்காது. “இப்போது எட்டுப் பேர்தாமே இருக்கின்றனர்” என்னும் வாதம் செல்லாது என்பதைக் குறித்துக்கொள்க.

யாருக்கு உரியது?

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய ஊழியர் ஓய்வு பெற்றாலும், தாமே விலகினாலும் பணிக்கொடை பெறுவார். மரணத்தாலோ, விபத்து அல்லது நோயினால் உடல் ஊனமுற்றதாலோ பணி முடிந்தால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட காலத்திற்கென ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர், ஓராண்டு பணியாற்றினாலே அக்காலத்திற்கேற்ற பணிக்கொடைக்கு உரியவராவார் என்பது புதிய விதி.

“தொடர்ந்து” என்னும் சொல்லைப் பற்றிப் பல தவறான கருத்துக்கள் நிலவுகின்றன. இடையிடையே வேலை இல்லாமற் போனவரும், பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அவ்வாண்டு முழுவதும் பணியாற்றியவராகவே கருதப்படுவார். வாரத்தில் ஆறு நாட்களுக்குக் குறைவாக இயங்கும் இடங்களில் 190 நாட்கள் போதும். சம்பளத்துடன் கூடிய விடுப்பு நாட்களும், பணியின்போது நேர்ந்த விபத்தினால் வர இயலாத நாட்களும், பெண் ஊழியரின் மகப்பேற்று விடுப்பும் வேலை நாட்களாகவே எண்ணப்படும். ஆகவே, வருகைப் பதிவேட்டில் “தற்காலிகம்” என்று எழுதி வைத்திருப்பதனால் மட்டும் ஒருவருடைய உரிமை அழிந்துவிடாது. அவர் எத்தனை நாட்கள் வேலை செய்தார் என்பதே கேள்வி.

கணக்கிடும் முறை

முடிவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்பது விதி. கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தை அறிய, கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தை 30 ஆல் வகுப்பதா, 26 ஆல் வகுப்பதா என்னும் ஐயம் முன்னர் இருந்தது. ஒரு கம்பளி ஆலை பற்றிய வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் 26 ஆல் வகுப்பதே முறை என ஏற்றது. வார ஓய்வு நாட்களை நீக்கினால் மாதத்தில் வேலை நாட்கள் 26 என்பதே அதன் காரணம். 1987-இல் சட்டத்திலேயே அது திருத்தமாகச் சேர்க்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்கர் 27 ஆண்டுகள் 7 மாதங்கள் பணியாற்றி ஓய்வு பெறுகிறார் என்றும், அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ. 18,200 என்றும் கொள்வோம். 18,200-ஐ 26 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ரூ. 700. பதினைந்து நாட்களுக்கு ரூ. 10,500. ஆண்டுகள் 28 எனக் கொள்ள வேண்டும். எனவே பணிக்கொடை ரூ. 2,94,000.

வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுபவருக்குப் பணி முடிவதற்கு முந்திய மூன்று மாதக் கூலியின் சராசரியே அடிப்படை. மிகைநேர வேலைக்குரிய கூலி இதில் சேராது. சாயச்சாலையில் அவ்வாறு கூலி பெறும் ஒருவருக்குச் சராசரி நாட்கூலி ரூ. 500 எனக் கிடைத்து, அவர் 12 ஆண்டுகள் பணியாற்றியிருந்தால், 500 × 15 × 12 என ரூ. 90,000 ஆகும். பருவகாலத்தில் மட்டும் இயங்கும் நிறுவனங்களில் ஆண்டு முழுவதும் வேலையில் இல்லாத ஊழியருக்கு ஒரு பருவத்திற்கு ஏழு நாள் கூலி வீதம் கணக்கிட வேண்டும். கரும்பு அரவை போன்ற வேலைகளை நடத்தும் விவசாயிகள் சங்கங்கள் இதனை நினைவிற் கொள்க. இத்தொகைக்கு உச்ச வரம்பும் உண்டு. 2010-இல் பத்து லட்சமாக இருந்த அது 2018 மார்ச்சு 29 முதல் இருபது லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சம்பளம் எது என்பதிலும் இப்போது ஒரு புதிய விதி உண்டு. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சம்பளத்தில் சேரா. ஆனால் அத்தகைய படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட தொகை சம்பளத்துடன் கூட்டப்படும். மொத்தம் ரூ. 30,000 பெறும் ஊழியருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் ரூ. 12,000, பிற படிகள் ரூ. 18,000 எனில், பாதியாகிய 15,000-க்கு மேற்பட்ட ரூ. 3,000 கூட்டப்பட்டு, சம்பளம் ரூ. 15,000 எனக் கொள்ளப்படும். அடிப்படையைக் குறைத்துப் படிகளைப் பெருக்கிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்னும் எண்ணத்திற்கு இனி இடமில்லை.

கடன் வளரும் விதம்

இனி நாம் கூறப்போவது நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளத்தை ஒதுக்கி வைத்தாற் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். அது போதாது. ஏனெனில் எல்லா ஆண்டுகளுக்கும் கடைசிச் சம்பளத்தின்படியே கணக்கிட வேண்டும்.

விற்பனையாளர் ஒருவர் 20 ஆண்டுகள் முடித்தபோது மாதம் ரூ. 15,600 பெற்றார் எனக் கொள்வோம். அன்றைய பணிக்கொடைப் பொறுப்பு 9,000 × 20 என ரூ. 1,80,000. மறு ஆண்டு சம்பளம் ரூ. 16,900 ஆகிறது. இப்போது பொறுப்பு 9,750 × 21 என ரூ. 2,04,750. ஓராண்டில் கூடியது ரூ. 24,750. இதில் புதிய ஆண்டுக்குரியது ரூ. 9,750 மட்டுமே. மீதி ரூ. 15,000 பழைய இருபது ஆண்டுகளின் மதிப்பு, சம்பள உயர்வினால் ஏறியது.

ஆகவே சம்பள உயர்வுத் தீர்மானம் நிறைவேற்றும்போது, மாதந்தோறும் கூடும் செலவை மட்டும் கணக்கிடுவது அரைக் கணக்காகும். பழைய பொறுப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் தீர்மானக் குறிப்பிலேயே எழுதுக. உயர்வு கொடுக்கலாகாது என்பதன்று நம் கருத்து. கொடுப்பதன் முழு விலையை அறிந்து கொடுக்க வேண்டும் என்பதே.

ஐந்தொகையில் எங்கே வர வேண்டும்?

பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகை லாபத்திலிருந்து பிரித்தளிக்கும் நன்கொடை அன்று. லாபம் காண்பதற்கு முன்பே கழிக்க வேண்டிய செலவு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு 31-ஆம் நாள் நிலவரப்படி ஊழியர் வாரியாகப் பொறுப்பைக் கணக்கிட்டு, சென்ற ஆண்டைவிடக் கூடிய தொகையைச் செலவில் எழுதி, ஐந்தொகையில் பொறுப்புகளின் பக்கம் காட்டுதல் வேண்டும். இதனைச் செய்யாத சங்கத்தின் லாபம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். அதன்மேல் லாப ஈவும் வழங்கப்படும். அவ்வாறு வழங்கிய பணத்தில் ஒரு பகுதி உண்மையில் இரவுக் காவலருடையது. அதனை அங்கத்தினர்கள் அறியாமலே எடுத்துக்கொண்டவராவர். பின்னொரு நாள் அவர் ஓய்வு பெறும்போது, நூல் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்தோ, கடன் வாங்கியோ கொடுக்க நேரும். அப்போது தறிகளுக்கு நூல் தட்டுப்படும்.

ஏட்டில் ஒதுக்குவதோடு நில்லாது, அத்தொகையைத் தனியே முதலீடும் செய்தல் நலம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டம் இதற்கென்றே உள்ளது. அதிற் சேர இயலாத சிறு சங்கம், வங்கியில் தனி வைப்பாக இட்டு, வேறெதற்கும் அதனைத் தொடுவதில்லை எனத் தீர்மானம் செய்துகொள்ளலாம்.

கொடுக்கும் முறை

பணி முடிந்தவர் விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பது சங்கத்திற்குச் சமாதானமாகாது. விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு, அவருக்கும் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரிக்கும் எழுத்து மூலம் அறிவித்து, முப்பது நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அரசு குறிக்கும் வீதத்தில் தனி வட்டி சேரும். தொகையைப் பற்றித் தகராறு இருப்பின், சங்கம் ஒப்புக்கொள்ளும் பகுதியை அவ்வதிகாரியிடம் செலுத்திவிட்டுப் பிறவற்றை வாதாடலாம். முழுவதையும் நிறுத்தி வைப்பது முறையன்று. நீதிமன்றத் தீர்ப்பின் பேரிலும் பணிக்கொடையை ஜப்தி செய்யலாகாது எனச் சட்டம் காத்திருக்கும் தொகை இது. சட்டம் கூறும் குறிப்பிட்ட குற்றங்களுக்காக ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டாலன்றி அதனைப் பறிமுதல் செய்ய இயலாது. சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக நீக்கப்பட்டவரிடமும் அச்சேதத்தின் அளவுக்கே பிடிக்கலாம்.

ஊழியர் ஓராண்டு முடித்தவுடன் நியமனப் படிவம் பெறுதலும் காரியதரிசியின் கடமை. குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரையே நியமிக்க வேண்டும். திருமணத்திற்கு முன் பிறரை நியமித்திருந்தால், திருமணத்திற்குப் பின் புதிய படிவம் தேவை. இதனைக் கவனியாமல் விட்டால், ஊழியர் இறந்த துக்கத்தோடு வாரிசுச் சான்றுக்காக அலையும் துன்பமும் அக்குடும்பத்திற்கு நேரும்.

இவை அனைத்திற்கும் ஒரே ஒரு பதிவேடு போதுமானது. ஊழியர் பெயர், பணியிற் சேர்ந்த நாள், ஆண்டுதோறும் வேலை செய்த நாட்கள், மார்ச்சுச் சம்பளம், அன்றைய பொறுப்பு, நியமனம் பெற்றவர் பெயர் என ஆறு பத்திகள் கொண்ட அப்பதிவேட்டைப் பேரவைக் கூட்டத்தில் மேசை மீது வைக்க வேண்டும். தம் கூலி குறித்த நாளில் வர வேண்டும் என்று கேட்கும் நெசவாளரும், தம் விளைபொருளுக்கு உடன் பணம் வேண்டும் என்று கேட்கும் விவசாயியும், தம்மிடம் வேலை செய்பவரின் பணத்தைக் குறித்த நாளில் கொடுப்பதில் பின்தங்கலாகாது.

அங்கத்தினர் வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் பத்துப் பேர் வேலை செய்த நாள் கடந்த காலத்தில் உண்டா?

2. மாதம் ரூ. 13,000 பெறும் காவலர் 14 ஆண்டுகள் 8 மாதங்கள் பணியாற்றினால் பணிக்கொடை எவ்வளவு? (விடை: ரூ. 1,12,500.)

3. சென்ற ஆண்டு ஐந்தொகையில் பணிக்கொடைக்கெனக் காட்டிய தொகை, ஊழியர் வாரியாகக் கணக்கிட்ட பொறுப்புக்கு ஈடாக உள்ளதா? இல்லையெனில், குறையை எத்தனை ஆண்டுகளில் நிரப்பலாம்?