இதய ஸ்கேனில் ஒரு நுரையீரல் புள்ளி

மாணவர்களே, நெஞ்சு வலிக்காகச் சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சென்று, இதய சி.டி. ஸ்கேன் எடுத்து வரும் பெரியவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும் அறிக்கையைத் தாத்தா பாட்டிக்கு வாசித்துச் சொல்வது பல வீடுகளில் நீங்கள்தான். "இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை" என்ற வரிக்குக் கீழே, "வலது நுரையீரலில் 8 மி.மீ. முடிச்சு" என்றும் இருந்தால் அதற்கு என்ன பொருள்?

நுரையீரல் ஏன் படத்தில் வந்தது?

சி.டி. கருவி உடலைச் சுற்றி எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, குறுக்குவெட்டுப் படங்களை உருவாக்குகிறது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு இப்படம் எடுக்கப்பட்டது. இதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணித அடிப்படையை வகுத்த கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

கதிர்கள் இதயத்தை மட்டும் ஊடுருவுவதில்லை. அருகிலுள்ள நுரையீரல், முதுகெலும்பு, கல்லீரலின் மேற்பகுதி ஆகியவையும் பதிவாகின்றன. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு 0. காற்றின் மதிப்பு −1000. அதனால் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், அதிலுள்ள சிறு திசுக்கட்டி வெள்ளைப் புள்ளியாகவும் தெரிகின்றன.

புள்ளி என்றால் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. காசநோய் ஆறிய தழும்பும் பழைய நோய்த்தொற்றின் தடமும் இப்படித் தெரியலாம். ஆனால், சில புள்ளிகள் தொடக்கநிலைப் புற்றுநோயாக இருக்கும். இருமலோ இளைப்போ வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தால், அறுவை சிகிச்சையால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அளவு, வடிவம், புகைப்பழக்கம், வயது ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். சந்தேகம் வலுவாக இருந்தால் உடனே திசுப் பரிசோதனை செய்யலாம். இல்லையென்றால், சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தழும்பு வளராது, புற்றுநோய் வளரும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

8 மி.மீ. விட்டமுள்ள கோளத்தின் கன அளவு சுமார் 268 கன மி.மீ. விட்டம் 10 மி.மீ. ஆனால் கன அளவு சுமார் 524 கன மி.மீ. விட்டம் 2 மி.மீ. மட்டுமே கூடியிருக்கிறது, கட்டியோ ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது! மறு ஸ்கேன் தேவைப்படுவது இதனால்தான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• அறிக்கையின் கடைசி வரி வரை வாசியுங்கள். "இதயம் நன்றாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.
• மறு ஸ்கேன் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.
• பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், அது நல்ல செய்தி.
• இதய ஸ்கேன் பெரும்பாலும் நுரையீரலின் உச்சிப் பகுதியைக் காட்டாது. எனவே, அதைப் புற்றுநோய்ப் பரிசோதனையாக எண்ண வேண்டாம்.

புள்ளியைக் கண்டு பதற வேண்டியதில்லை; அதை மறந்துவிடவும் கூடாது.