தன் முயற்சியும் பொது உதவியும்

“என் உழைப்பால் உயர்ந்தேன், சங்கம் எதற்கு?” என்பார் ஒரு சாரார். “சர்க்கார் பணந்தானே, திருப்பிக் கட்டுவானேன்?” என்பார் மற்றொரு சாரார். நம் மகாசபைகளில் இவ்விரு குரல்களையும் கேட்கிறோம். இவ்வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் இதுவே பெரிய வழக்காக எழுந்தது.

அவ்வாண்டு ஜூலை 13-ஆம் தேதி வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில் ஜனாதிபதி பராக் ஒபாமா பேசினார். முன்னேறிய ஒவ்வொருவருக்கும் நல்லாசிரியர் ஒருவர் துணை நின்றிருப்பார், சாலையும் பாலமும் பிறர் இட்ட பொருளால் அமைந்தவை என்று சொல்லி வருகையில், தொழில் நடத்துவோரை நோக்கி, “அதை நீங்கள் கட்டவில்லை” என்ற பொருள்பட ஒரு வாக்கியம் கூறினார். ‘அதை’ என்றது சாலையையும் பாலத்தையும் என்றனர் அவர் கட்சியார். தொழிலையே என்றனர் எதிர்க்கட்சியார்.

அவ்வொரு வாக்கியத்தை மட்டும் வெட்டியெடுத்து நையாண்டிப் படங்கள் பல பரவின. ஆகஸ்டில் தாம்பா நகரில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் “நாங்களே கட்டினோம்” என்பது ஒரு நாளின் முழக்கமாயிற்று. அம்மாநாட்டு அரங்கே பொதுப்பணமும் சேர்ந்து எழுந்ததுதான் என்று மறுதரப்பார் திருப்பி நகைத்தனர். தன் முயற்சியாலும் கூட்டு முயற்சியாலுமே வெற்றி பெறுகிறோம் என்று அதே உரையில் ஒபாமா சொன்னது சிரிப்பொலியில் அமுங்கிப் போயிற்று. நையாண்டி ஒரு பாதியைத்தான் காட்டும். முழுமையை நாமே தேடிப் படிக்க வேண்டும்.

அம்முழுமை அந்நாட்டு விவசாயிகளின் வரலாற்றிலேயே உண்டு. 1930-களின் நடுவில் அங்குப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. வீடுகள் தொலைதூரத்தில் சிதறிக் கிடந்தமையால், கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கின. 1935-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்க நிர்வாகத்தை நிறுவினார். அது நீண்டகாலக் கடனாகப் பணம் தந்ததேயன்றி, இனாமாக அன்று. விவசாயிகள் சந்தா செலுத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். கடன் பெற்றுத் தாமே கம்பங்கள் நட்டுக் கம்பி இழுப்பித்தனர். மின்கட்டணம் வசூலித்துத் தவணையைக் கட்டினர். 1950-களின் நடுவில் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மேல் விளக்கெரிந்தது. இதில் எதனைத் தனிமனிதன் கட்டினான், எதனைச் சர்க்கார் கட்டியது என்று பிரிக்க இயலுமோ? பாவும் ஊடும் சேர்ந்தே துணியாகிறது.

நமக்கு இதனாலாகும் பாடம் தெளிவு. தறியில் அமர்வதும் ஏர் பிடிப்பதும் அங்கத்தினர் கடமை. அவற்றை எவரும் நமக்காகச் செய்யார். நூலும் உரமும் வாங்க முதல் கிடைப்பது பொது உதவியால். அவ்வுதவி திரும்பி வந்தால்தான் அடுத்த அங்கத்தினருக்குச் சென்று சேரும். தவணை தவறிய கடன், பக்கத்து வீட்டு நெசவாளியின் நூலைப் பறித்துக்கொண்டதற்கு ஒப்பாகும்.

அங்கத்தினர் சிந்தனைக்கு:

1. சென்ற ஆண்டு நமது வருமானத்தில் சங்கத்தின் பங்கு எவ்வளவு?

2. நம் சங்கத்தில் தவணை தவறிய கடன் எவ்வளவு? அதனால் கடன் கிடைக்காதோர் எத்தனை பேர்?

அடுத்த மகாசபைக்குள் இவற்றைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து விடை காண்போமாக.