சேமிப்புக் கணக்கிலிருந்து கம்பெனிப் பேரத்திற்கு



நம் சங்க அன்பர்களின் பிள்ளைகளில் சிலர் இக்காலத்தில் நிதித் திட்ட ஆலோசகர்களாக உத்தியோகம் பார்க்கின்றனர். குடும்பத்தின் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, ஹஜ்ஜுச் சேமிப்பு, தக்காபுல், வஸிய்யத்து ஆகியவற்றுக்கு வழி சொல்வது அவர்கள் வேலை. அவர்களுள் சிலர், கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் இணைக்கவும் பேசி முடிக்கும் துறைக்கு மாற விரும்புகின்றனர். இது தகுமா, இதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தந்தைமார் கேட்கின்றனர். இப்பாடத்தில் அதனைக் கவனிப்போம்.

தோட்டப்புறத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமன்று. சிரம்பானில் செமாரா ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய கத்ரி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட அக்கம்பெனியிடம், 1981இல் மலேசியாவில் ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் தோட்டங்கள் இருந்தன. அதன் பங்குகளோ லண்டன் சந்தையில் கைமாறிக் கொண்டிருந்தன. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் நான்கு மணி நேரத்திற்குள் அப்பங்குகளில் பாதிக்கு மேல் தன் வசமாக்கிக் கொண்டது. தோட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, எஜமான் மாறிவிட்டார்.

அப்போது அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் துன் இஸ்மாயில் முகமது அலி. அவர் 1962 முதல் 1980 வரை பேங்க் நெகாராவின் கவர்னராக இருந்து, நாட்டின் பணத்தைக் காவல் காத்தவர். காவல் காத்தவரே பேரத்திற்கும் தலைமை தாங்கினார். அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் பார்த்து அதிர்ஷ்டம் என்று எண்ணலாகாது. அதற்கு முன்பே சுமார் கால் பங்கு அந்நிறுவனத்தின் கையில் இருந்தது. மிச்சப் பங்குகளை வைத்திருந்த பெரிய பங்குதாரர்கள் யார் என்பதும் தெரிந்திருந்தது. பொறுமையாகக் கணக்குப் பார்த்தவருக்கே விரைவாக முடிக்கும் வல்லமை வந்தது.

ஆகவே, முதல் பாடம்: பழைய வேலையின் நற்குணங்கள் புதிய வேலைக்கும் முதலாகும். வந்தவரின் நோக்கத்தைக் கேட்டறிதல், அவசரப்படாமை, கேட்ட இரகசியத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் இரண்டு துறைக்கும் பொது.

இரண்டாவது பாடம்: புதிதாகக் கற்க வேண்டியவை உண்டு. 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைச் சட்டத்தின்கீழ் நிதித் திட்டமிடல் வேறு பிரிவு, கம்பெனி நிதி ஆலோசனை வேறு பிரிவு. ஒன்றிற்கான உரிமம் மற்றொன்றிற்குச் செல்லாது. சந்தையில் பதிவான கம்பெனியின் பங்குகளில் 33 சதவிகிதத்திற்கு மேல் ஒருவர் கைக்கு வந்தால், மற்றப் பங்குதாரர்களுக்கும் அவர் விலை கொடுக்க முன்வர வேண்டும் என்ற விதியும் உண்டு. உள்ளிருந்து அறிந்த செய்தியைக் கொண்டு தமக்கெனப் பங்கு வாங்குவது குற்றமாகும்.

ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அதில் எழுதாததையும் கேட்கத் தெரிய வேண்டும். ஆயிரம் ஏக்கர் என்று ஏட்டில் இருக்கும். மரத்தின் வயது என்ன? செம்பனையின் பலன் சுமார் இருபத்தைந்து ஆண்டு. கிழட்டு மரங்களை அழித்து மறுநடவு செய்தால், காய் வெட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். நிலம் நிரந்தர உரிமையா, தவணை உரிமையா? தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு? கடைச் சரக்கு வாங்கும்போது மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லையே!

மூன்றாவது பாடமே பெரிது. குடும்பத்திற்கு யோசனை சொல்பவர், "இதை வாங்க வேண்டாம்" என்று சொன்னாலும் அவருடைய பிழைப்பு நடக்கலாம். கம்பெனிப் பேரத்திலோ கூலியின் பெரும்பகுதி பேரம் முடிந்தால்தான் வரும். நாக்கு சாயும் இடம் அதுவே. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவர்கள் கதீஜா (ரலி) அம்மையாரின் முதலைக் கொண்டு வணிகம் செய்தபோது, அந்த முதலைவிட அவர்களுடைய நாணயமே பெரிதாக மதிக்கப்பட்டது.

பேரம் என்றால் பெரிய முதலாளிகளுக்கே உரியது என்றும் எண்ண வேண்டாம். வெள்ளைக்காரர் தோட்டங்கள் 1950களில் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது, வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார். அந்தச் சிறு சேமிப்பே முழுத் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. சேமிப்புக் கணக்கிலிருந்து பேரத்திற்குப் போகும் வழி இப்படியும் இருந்தது.

கத்ரி, 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப் கம்பெனிகளுடன் இணைந்தது. 2017இல் தோட்டப் பிரிவு தனிக் கம்பெனியாயிற்று. 2024இல் அதற்கு எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றினர். ஒவ்வொரு மாற்றத்தின் தாளிலும் யாரோ ஒரு கணக்குப் பிள்ளை கையெழுத்திட்டிருப்பார். அந்தத் தாளுக்குப் பின்னால் லயத்து வீடுகளும், பள்ளிக்கூடமும், நம் கடைகளின் கடன் ஏடுகளும் உள்ளன.

ஆதலால் மகனை அத்துறைக்கு அனுப்புங்கள், தடுக்க வேண்டாம். உரிமமும் படிப்பும் அவன் தேடிக் கொள்வான். "முடிக்கத் தகாத பேரத்தை விட்டு எழுந்து வரும் தைரியம் உனக்கு உண்டா?" என்பதை மட்டும் நாம் கேட்டு அனுப்ப வேண்டும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவானாக, ஆமீன்.