பபுள் டீ ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

புனேல கட்கியில லோக்கல் ஏறினா அடுத்த ஸ்டேஷன் சிவாஜிநகர். அங்கேர்ந்து எஃப்.சி. ரோடு நடக்கற தூரம்தான். படிக்கவோ வேலைக்கோ புனே வந்து சேர்ற தங்கச்சிங்க முதல் மாசத்துலயே இந்த வழியைக் கத்துக்கறாங்க. திரும்பி வரும்போது கையில பெரிய பிளாஸ்டிக் கப், மேல இறுக்கமா ஒட்டின சீல், அதைக் குத்திக்கிட்டு நிக்கற சுண்டுவிரல் தடிமன் ஸ்ட்ரா, அடியில கறுப்பு கறுப்பா முத்து. குடிக்காதேன்னு நான் சொல்லப்போறதில்லை. சொன்னாலும் நீ கேட்கப்போறதில்லை. வாங்கறதுதான் வாங்கறே, விவரமா வாங்கு.

முதல்ல அந்த முத்து என்னன்னு தெரிஞ்சுக்கோ. தைவான்ல 1980கள்ல பிறந்த பானம் இது. நாங்கதான் முதல்ல போட்டோம்னு ரெண்டு டீக்கடைக்காரங்க வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. ஆனா முத்து செய்யற மாவு நமக்குப் புதுசில்லை. மரவள்ளிக்கிழங்கு மாவு, அதாவது ஜவ்வரிசி மாவு. நம்ம சேலத்து ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. 1981லேர்ந்து அங்க இருக்கற சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் மூலமா விக்கற சரக்குல பெரும்பகுதி மகாராஷ்டிரா மாதிரி வெளி மாநிலங்களுக்குத்தான் வருது. கட்கி பஜார்ல மளிகைக்கடை வாசல்ல வெள்ளை வெளேர்னு மூட்டை வாய் திறந்து இருக்கே சாபுதானா, அது உன் ஊர்ப் பக்கத்துலேர்ந்து உனக்கு முன்னாடியே ரயிலோ லாரியோ ஏறி வந்ததா இருக்கும்.

சத்துக் கணக்குல முத்தும் ஜவ்வரிசியும் ஒண்ணுதான். 100 கிராம் காய்ஞ்ச ஜவ்வரிசியில 350 கலோரிக்குக் கொஞ்சம் மேல. கிட்டத்தட்ட 88 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம்கூட தேறாது, நார்ச்சத்தும் அப்படியே. பக்கத்து வீட்டு மராட்டி மாமி ஏகாதசிக்குச் செய்யற சாபுதானா கிச்சடியில வேர்க்கடலைப் பொடி கைநிறைய விழுது. அந்தக் கடலையில இருக்கற புரதமும் கொழுப்பும்தான் மதியம் வரைக்கும் பசி தாங்க வைக்குது. பபுள் டீ கடையில அதே மாவு உருண்டை வெந்ததும் சர்க்கரைப் பாகுல ஊறுது. கடலை இல்லை, பாகு இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்ப சர்க்கரைக்கு வருவோம். அமெரிக்காவுல 2017ல வெளியான ஒரு ஆய்வு, 473 மில்லி அளவுல முத்து போட்ட பால் டீயில சுமார் 38 கிராம் சர்க்கரை, 299 கலோரின்னு கணக்குச் சொல்லுது. ஒரு டீஸ்பூன் 5 கிராம்னு வெச்சா ஏழரை ஸ்பூன். நம்ம ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாள் முழுக்க சேர்க்கற சர்க்கரையே மொத்த கலோரியில 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு அது 25 கிராம். சாயங்காலம் ஒரு கப்ல ஒன்றரை நாள் கோட்டா தீர்ந்துபோச்சு. இதுல பிரவுன் சுகர் வகைதான் ரொம்ப மோசம். சிங்கப்பூர்ல 2019ல ஒரு மருத்துவமனை கணக்கெடுத்தப்ப, 500 மில்லி பிரவுன் சுகர் பபுள் டீயில 92 கிராம் வந்தது. பதினெட்டரை ஸ்பூன்! பழுப்பா இருக்கறதால நாட்டுச்சர்க்கரை மாதிரி நல்லதுன்னு மனசைத் தேத்திக்காதே. நாட்டுச்சர்க்கரையா இருந்தாலும் கிராமுக்கு நாலு கலோரிதான், உடம்பு கலர் பார்த்துக் கணக்கு வைக்கறதில்லை.

அதே சிங்கப்பூர்ல, 2023 டிசம்பர் 30லேர்ந்து பபுள் டீ மாதிரி கடையிலேயே கலக்கற பானங்களுக்கும் ஏ, பி, சி, டின்னு கிரேடு பார்த்து, சி, டி வந்தா மெனுவுல கட்டாயம் போடணும்னு சட்டம் வந்துடுச்சு. 100 மில்லியில 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா டி. கடைசி கிரேடு அது. அங்க இருக்கற நம்ம சொந்தக்காரப் பசங்க மெனு போர்டைப் பார்த்தே முடிவு பண்ணிடலாம். இங்க நீயேதான் வாயைத் திறந்து கேட்கணும்.

என்ன கேட்கணும்? முதல்ல சைஸ். சின்னது வாங்கு. பெரிசுக்கு முப்பது நாப்பது ரூபாதான் கூடன்னு கவுன்ட்டர்ல ஆசை காட்டுவாங்க, விழாதே. அப்புறம் இனிப்பு அளவு. நிறைய கடையில 100, 75, 50, 25, 0ன்னு சதவீதம் கேட்கறாங்க. 25ல ஆரம்பி. நாலஞ்சு தடவை குடிச்சா நாக்கு பழகிடும். ஆனா ஒண்ணு கவனி. அந்தச் சதவீதம் மேல ஊத்தற பாகுக்கு மட்டும்தான். முத்து ஏற்கெனவே பாகுல ஊறினது. டாரோ, சாக்லேட், மாம்பழம்னு வண்ண வண்ணமா பவுடர்ல வர்ற வகைகள்ல பவுடருக்குள்ளயே சர்க்கரை கலந்திருக்கலாம். அதனால ஜீரோன்னு சொல்லி வாங்கினதும் நிஜமா ஜீரோவா இருக்காது. டீத்தூள் போட்டு இறக்கின டிகாஷன்ல செய்யற வகையைக் கேட்டு வாங்கு. அதுலதான் நீ சொல்ற அளவு கொஞ்சமாவது செல்லுபடியாகும்.

பால் எதுன்னும் கேளு. சில இடத்துல பாலுக்குப் பதிலா க்ரீமர் பவுடர் போடறாங்க. அது பெரும்பாலும் பாமாயில் வகைக் கொழுப்பும் குளுக்கோஸ் சிரப்பும் சேர்ந்தது. எண்ணெய்கள்ல டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2022 ஜனவரியிலேர்ந்து நம்ம நாட்டுல விதி இருக்கு, அந்தப் பயம் குறைஞ்சிருக்கு. நிறைகொழுப்பு அப்படியேதான் இருக்கு. கால்சியத்துக்காகப் பால் டீ குடிக்கறேன்னு சொல்றவ, அதுல பால் இருக்கான்னு முதல்ல பார்க்கணும்.

முத்து, ஜெல்லி, புட்டிங், மேல சீஸ் நுரைன்னு நாலும் கேட்காதே, ஒண்ணு போதும். கடிச்சா பட்டுனு வெடிக்கற உருண்டை இருக்கே, அது ஜவ்வரிசி இல்லை. கடற்பாசியிலேர்ந்து எடுக்கற ஆல்ஜினேட்ல மெல்லிசா தோல் பண்ணி, உள்ள பழ ருசி சிரப்பை அடைச்சது. பழம்னு எண்ணி வாங்காதே.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிட்டு நாலு மணிக்கு பபுள் டீயில வயித்தை நிரப்பற பழக்கம் ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்ட இருக்கு. எனக்குக் கோபம் வர்ற இடம் அதுதான். நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. டீயில இருக்கற டானின் சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாம பிடிச்சுக்கும். அதனாலதான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் டீ காபி வேண்டாம்னு மேல சொன்ன ஐதராபாத் வழிகாட்டி சொல்லுது. கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோட பபுள் டீ வாங்கினா கீரைக்காசு வீண். ராத்திரி எட்டு மணிக்குமேலயும் வேண்டாம். 150 மில்லி டீயிலேயே 30லேர்ந்து 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கு, பெரிய கப்னா இன்னும் கூட. அப்புறம் தூக்கம் வரலைன்னு ஃபோனை நோண்டிக்கிட்டுக் கிடப்பே.

பபுள் டீயை மட்டும் திட்டிட்டு விட்டா அநியாயம். வெயில் காலத்துல நம்ம ஏரியாவுல ரசவந்திக் கடை மிஷின் சலங்கை கட்டிக்கிட்டு ஜல் ஜல்னு சுத்தும். இயற்கையானதாச்சேன்னு ரெண்டு கிளாஸ் கரும்புச்சாறு இறக்குவோம். 100 மில்லி சாறுல 13லேர்ந்து 15 கிராம் சர்க்கரை. 250 மில்லி கிளாஸ்ல முப்பத்திரண்டுக்கு மேல, முப்பத்தெட்டு வரைக்கும் போகும். மேல சொன்ன அமெரிக்க பபுள் டீக்குச் சமானம், அதுவும் பாதி அளவு கிளாஸ்ல! புனே டீக்கடைங்கள்ல கிடைக்கற அம்ருத்துல்யா டீயும் லேசுப்பட்டதில்லை. ஏலக்காய் வாசனையில மயங்கி ஒரு நாளைக்கு மூணு குடிக்கறே, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா 30 கிராம். அங்க போனா தயங்காம "ஸாகர் கமீ டாகா", அதாவது சர்க்கரை கம்மியா போடுங்கன்னு சொல்லு. மொத்தப் பாத்திரத்துலயும் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்ட டீன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, அரை கிளாஸோட நிறுத்திக்கோ. மஸ்தானியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். கெட்டி மில்க் ஷேக் மேல ஐஸ்க்ரீம் உருண்டை. அது பானமே இல்லை, ஸ்வீட். ரெண்டு பேரா போய் ஒண்ணு வாங்குங்க.

அப்ப என்னதான் குடிக்கறது? தண்ணிக்கு அடுத்து தாக். நம்ம நீர்மோர்தான், இங்க ஜீரகப்பொடி கொஞ்சம் தூக்கலா இருக்கும். கல்யாண வீட்டுல குடுக்கற மட்டாங்கற மோர்ல சர்க்கரை சேர்க்கறதுண்டு, ருசி பார்த்துட்டுக் குடி. இளநீர் கிடைச்சா விடாதே. கோகம் வாங்கும்போது மட்டும் உஷார். சர்பத் பாட்டில்ல பாதி சர்க்கரைதான். அதுக்குப் பதிலா ஆகள்னு கேட்டு வாங்கு. கோகம் பழத்துச் சாறுல உப்பு மட்டும் போட்டது, கருஞ்சிவப்பா கெட்டியா இருக்கும். ஒரு ஸ்பூனை ஒரு கிளாஸ் தண்ணியில விட்டா போதும், வேற உப்பு சேர்க்காதே. ரத்த அழுத்தம் இருக்கற அப்பா அம்மாவுக்கு அடிக்கடி குடுக்காதே.

பபுள் டீ ஆசை அடங்கலைன்னா ரூம்லயே பண்ணலாம். ஒரு டீஸ்பூன் சப்ஜா விதையை முக்கால் டம்ளர் தண்ணியில போடு. கால் மணி நேரத்துல ஒவ்வொரு விதையும் சாம்பல் கலர்ல கண்ணாடிச் சட்டை போட்ட மாதிரி உப்பி, நடுவுல கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். நல்லா ஊறாம வாயில போடாதே, தொண்டையில ஒட்டிக்கும். ரெண்டு ஸ்பூன் டீத்தூளை 150 மில்லி தண்ணியில கொதிக்கவெச்சு வடிகட்டி ஆறவிடு. காய்ச்சி ஆறின பால் அதே அளவு, சர்க்கரை ஒரே ஒரு ஸ்பூன், ஐஸ். மேல வடிச்ச சப்ஜா. ஜவக் ஜவக்னு மெல்ல முத்துதான் வேணும்னா பெரிய ஜவ்வரிசி 20 கிராம் எடுத்துக்கோ, 70 கலோரிதான். உள்ள இருக்கற வெள்ளைப் பொட்டு மறையற வரைக்கும் வேகவெச்சு, பச்சைத் தண்ணியில அலசிப் போடு. மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் கல்லு மாதிரி ஆயிடும், அதனால அன்னன்னைக்கு வேணுங்கற அளவு மட்டும் போடு.

வீட்டுல ஸ்கூல் போற தம்பி தங்கச்சி இருந்தா இன்னொண்ணு. எந்தப் பானத்துல எவ்வளவு சர்க்கரைன்னு காட்டற சர்க்கரைப் பலகை வைக்கணும்னு 2025 மே மாசம் சிபிஎஸ்இ தன் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லியிருக்கு. ஸ்கூல்ல வெச்சிருக்காங்களான்னு அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேளு. அக்கா பையன், அண்ணன் பொண்ணுன்னு அஞ்சு வயசுகூட ஆகாத வாண்டு கூட வந்தா உன் கப்பைக் கைமாத்தாதே. ஸ்ட்ரால வேகமா உறிஞ்சும்போது முத்து நேரா மூச்சுக்குழாய்க்குப் போயிடலாம். நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு இந்த ஆபத்து அதிகம்னு ஜெர்மனி அரசோட உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2012லயே எச்சரிச்சிருக்கு. அதைவிடப் பெரிய பசங்கன்னா ஸ்ட்ராவை எடுத்துட்டு ஸ்பூனைக் குடு. உட்கார்ந்து, மென்னு சாப்பிடட்டும். ஓடிக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் வேண்டாம்.